ஆரணி நிற்கிற இடத்தில் பனி

1

ஊரிலிருந்து கூப்பிடுகிற சொந்தக்காரர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, அங்கே ஸ்னோ கொட்டுகிறதா என்பதுதான். பதினெட்டு வருடமாக நான் இல்லை என்றே சொல்லி வருகிறேன். ஒக்லண்டில் பனி கொட்டாது. மழைதான் பெய்யும், அதுவும் பக்கவாட்டில். கனடாவில் இருக்கிற மச்சாளின் படங்களில் முழங்காலளவு பனியைப் பார்த்துப் பழகிய என் பெரியம்மாவுக்கு இதில் பெரிய ஏமாற்றம். நாங்கள் ஏதோ இரண்டாந்தர வெளிநாட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

இங்கே ஓகஸ்ட் குளிர்காலம். இந்த ஓகஸ்டில் அவரைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு படம் இருந்தது. என் மகள் ஆரணி பனிக்குள் நிற்கிறாள். வயது பதினேழு. தலையில் கம்பளித் தொப்பி, காலில் முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து, கையில் ஒரு கட்டு வைக்கோல். சுற்றிவர நாற்பது ஐம்பது மாடுகள் மூச்சுப் புகையோடு நிற்கின்றன. அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புத்தான் படத்தை அனுப்பவிடாமல் என்னைத் தடுத்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கவேண்டிய பிள்ளை மாடுகளுக்கு நடுவே நின்று ஏன் சிரிக்கிறாள் என்று பெரியம்மா கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

பதில் தெரியாமல் ஒரு மாதம் அந்தரப்பட்டேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோவேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் தென்தீவின் வானிலையைப் பார்ப்பேன். அவள் இருக்கிற சவுத்லாண்ட், நாட்டின் அடிக்கோடி. விமானத்தில் இரண்டு மணித்தியாலம். அதற்குக் கீழே கடல், அதற்குக் கீழே தென்துருவம்தான்.

2

நாங்கள் இருப்பது ஒனிஹங்காவில். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணவர் யோகன் ஒடாஹுஹுவில் ஒரு குளிர்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி அடுக்குகிறவர். பிள்ளை குளிரில் நின்று உழைக்கக்கூடாது என்றுதான் தான் குளிரில் நிற்பதாக அடிக்கடி சொல்வார். அவர் அதைத் தொடங்கினாலே ஆரணி ஹெட்போனைக் காதில் மாட்டிவிடுவாள்.

ஜூலை விடுமுறைக்கு முன் பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை வேலை அனுபவத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். மருந்தகம் என்று எழுது என்றோம். அவள் பாற்பண்ணை என்று எழுதினாள். யோகன் குதித்தார். நான்தான், விடுங்கோ, இரண்டு நாள் சாணி மணத்தால் தானாக ஓடி வருவாள் என்றேன். காலை ஏழு மணிக்கு எழுப்ப மூன்று தரம் கத்தவேண்டிய பிள்ளை, விடிய நாலரைக்கு எழும்பி மாடு பார்க்கப்போகிறாளாம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

இரண்டு கிழமை முடிந்த அன்று கூப்பிட்டாள். மாடுகள் கன்று போடத் தொடங்கிவிட்டன, பண்ணைக்காரி ஹெலனுக்கு உதவிக்கு ஆள் இல்லை, இன்னும் ஒரு கிழமை நிற்கிறேன் என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்த ஒரு கிழமை இன்னொரு கிழமையானது. படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகவேண்டி வரும் என்று அவளை ஒன்பது வயதிலிருந்து வெருட்டியவர்கள் நாங்கள். வெருட்டலை அவள் விளம்பரமாக எடுத்துக்கொண்டாள் போல.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தின் கணினி ஒவ்வொரு காலையும் எனக்குச் செய்தி அனுப்பியது. உங்கள் பிள்ளை இன்று வரவில்லை, காரணத்தைத் தெரிவிக்கவும். முதல் நாள் காய்ச்சல் என்று எழுதினேன். பிறகு வயிற்றோட்டம், பிறகு பல்லுவலி. ஒன்பதாம் நாள் என்னிடம் நோய் வருத்தங்கள் தீர்ந்துவிட்டன. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரிந்த மிச்ச வருத்தமெல்லாம் எண்பது வயதுக்கு மேல் வருபவை.

பத்தாம் நாள் மாணவர் பொறுப்பாசிரியை கூப்பிட்டார். ஆரணி பண்ணையில் நிற்பதாக அவளே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள், பல்லுவலி சுகமா என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்தால் விட்ட பாடத்தைப் பிடித்து, ஆண்டிறுதிப் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். நான் விடமாட்டேன், எங்கே கையெழுத்துப் போட்டுத் தடுக்கலாம் என்று கேட்டேன். பதினாறு வயது தாண்டிய பிள்ளை, பெற்றோரின் கையெழுத்துத் தேவையில்லை என்றார், மிகவும் அன்பாக. ஊர் வாசிகசாலையில் அங்கத்தவராகச் சேரவே பெற்றோர் கையெழுத்துக் கேட்ட இடத்திலிருந்து வந்தவள் நான். பிள்ளையின் வாழ்க்கையில் என் கையெழுத்துக்கு ஓர் அங்குல இடமும் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் எடுத்தது.

கடைசியில் யோகன் அவளோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். அம்மா நாலு நாள் வந்து நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு வா என்றால் மறுபேச்சில்லாமல் வரவேண்டும். நில் என்றால் நிற்கலாம். ஆரணி யோசிக்காமல் ஓம் என்றாள். யோகன் போனை வைத்துவிட்டு, போவதற்கு ஒரு விமானச் சீட்டும் வருவதற்கு இரண்டு சீட்டும் பதிவு செய்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும்தான்.

3

விமான நிலையத்துக்கு அவளே வந்திருந்தாள், பின்னால் சாமான் ஏற்றுகிற ஒரு பழைய யூட் வண்டியை ஓட்டிக்கொண்டு. ஒக்லண்டில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கவே அழுகிறவள், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் மற்றக் கையின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். அது இங்கே வணக்கமாம். அவளுடைய கைகளைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. அவளில் மாட்டுத்தொழுவ மணம் வந்தது.

அந்த மணத்தை எனக்குத் தெரியும். இதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரான புத்தூரில் என் அம்மா ஆறு மாடு வைத்திருந்தா. நான் பள்ளிக்கூடம் போகுமுன் வீடு வீடாகப் பால் போத்தல் கொடுத்துவிட்டுத்தான் போவேன். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் மணம் கையை விட்டுப் போகாது. பக்கத்தில் இருந்த பிள்ளை தன்னை வேறு வாங்கில் இருத்தும்படி ரீச்சரிடம் கேட்டாள், முழு வகுப்புக்கும் கேட்கிற மாதிரி. யோகனுக்கு இது தெரியும், ஆனால் நாங்கள் கதைப்பதில்லை. ஆரணிக்கு, அம்மம்மா வீட்டில் கடை இருந்தது என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாளும் எனக்கு அந்தத் தொழுவத்தில் ஆசை வந்ததில்லை. கனவில் வந்தாலும் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் எழும்புவேன்.

ஹெலன் அறுபது வயதுப் பெண். கணவர் இறந்தபின் தனியாகப் பண்ணையைப் பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். ஆரணி இந்த வீட்டில் எப்படி வாழ்கிறாள் என்பதை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். விடிய நாலரைக்கு எழும்புகிறாள், நான் கத்தாமலே. உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று சட்டைகளைப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்த சப்பாத்தை மாட்டுகிறாள். குளிர் கடுமையான காலையில் குழாய் உறைந்திருக்கும். கேத்தல் தண்ணீரை ஊற்றி இளக்க வேண்டும். மாட்டுத் தொட்டிகளின் மேலே பிடித்திருக்கிற ஐஸை மண்வெட்டியால் உடைக்க வேண்டும். கன்று போடக் காத்திருக்கிற மாடுகள், தீவனத்துக்கென்று நட்ட கிழங்குத் தோட்டத்தில் மின்வேலிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும். கம்பியைத் தினமும் சில அடி தள்ளி வைத்தால்தான் அவற்றுக்கு அன்றைய சாப்பாடு.

பிறகு கன்றுக் கொட்டில். பிறந்த கன்றின் தொப்புளில் அயடீன் அடித்து, காதில் இலக்கம் குத்தி, முதல் நாள் பாலைப் பருக்குகிறாள். குடிக்கத் தெரியாத கன்றின் வாயில் இரண்டு விரலை வைத்து, அது சூப்பத் தொடங்கியதும் மெல்லப் பால் வாளியின் ரப்பர் முலைக்கு மாற்றுகிறாள். அந்தப் பாலுக்குக் கடும்பு என்று பெயர். என் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

பண்ணைக்குத் தேவைப்படாத ஆண் கன்றுகளை நாலாம் நாள் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று கேட்டேன். வெட்டுகிற இடத்துக்கு என்றாள், சுற்றி வளைக்காமல். முதல் கிழமை முழுக்க அழுதாளாம். இப்போது அழுவதில்லை, ஆனால் லொறி வருகிற அன்று அந்தக் கன்றுகளுக்கு முதலில் பால் கொடுக்கிறாளாம். நான் இந்தப் பிள்ளையைப் பதினேழு வருடம் வளர்த்திருக்கிறேன். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரவு ஏழரைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும். இதைப் பார்த்ததும் என் முடிவு இன்னும் இறுகியது. வா என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கைகள் இப்படி வெடிக்கக்கூடாது.

4

மூன்றாம் நாள் மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. சத்தமே இல்லை. மழை என்றால் கூரையில் சொல்லிவிட்டு வரும். இது யன்னலுக்கு வெளியே உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வந்தது. ஹெலனும் ஆரணியும் வெளியே ஓடினார்கள். பனி மூடினால் கிழங்கு தெரியாது, மாட்டுக்கு வைக்கோல் இழுக்க வேண்டும். என்னை அடுப்பங்கரையில் இருக்கச் சொன்னார்கள்.

என்னால் இருக்க முடியவில்லை. மூன்று மணிபோல ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஆரணியைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பக்கத்து வேலியோரம் ஒரு மாடு நின்றது. காலையில் கன்று போட்ட மாடு, காதில் 214 என்று இலக்கம். கன்றை ஆரணி ஏற்கனவே கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கையில் மாடு முதுகை வளைத்தது, கன்றுக்குப் பிறகு விழுகிற நஞ்சுக்கொடி, எங்கள் ஊர்ப் பேச்சில் இளங்கொடி, முழுவதுமாகப் பனியில் விழுந்தது. ஹெலனின் நாய் தூரத்திலிருந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் இளங்கொடியை நாய் தின்ன விடக்கூடாது. விட்டால் மாட்டில் பால் வற்றிவிடும் என்பார்கள். சாக்கில் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரத் தூக்கிக் கட்டவேண்டும். ஆலமரம் நல்லது. எங்கள் வீட்டில் அது என் வேலை. நாயை ஒரு உதை உதைத்துவிட்டு, வேலியில் கிடந்த வெறும் தீவனப் பையை எடுத்து, வெறுங்கையால் அள்ளிப் போட்டு, வைக்கோல் கட்டுகிற கயிற்றால் வாயைக் கட்டினேன். தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஆலமரத்துக்கு எங்கே போவது? காற்றை மறிக்க நட்ட பைன் மரவேலியில் எட்டுகிற கொப்பொன்றில் தூக்கினேன். கையைப் பனியிலே கழுவினேன். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

5

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டின்போது ஹெலன் ஆரணியை ஏசினார். சத்தம் போடவில்லை, ஆனால் ஏச்சுத்தான். 214க்கு இளங்கொடி விழுந்ததா இல்லையா என்று ஆரணி பார்த்து எழுதவில்லை. நேற்று மாலை அந்த இடம் முழுவதும் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே தங்கிவிட்டால் மாடு சாகும். அதனால் அதை மந்தையிலிருந்து பிரித்து இரவெல்லாம் தனியாக அடைத்து வைத்தார்களாம். மிருக வைத்தியர் இந்தப் பனி வீதியில் வந்துகொண்டிருக்கிறார். இந்த வேலையில் கண் வேண்டும், கண் இல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்றார் ஹெலன்.

ஆரணி வாதாடவில்லை. தான் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நான் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஹெலனே போகச் சொல்லிவிடுவார். நான் வா என்று சொல்லிக் கெட்டவளாகத் தேவையில்லை. நாளைக்குப் பிள்ளை என்னோடு விமானத்தில் இருப்பாள், திங்கட்கிழமை வகுப்பில் இருப்பாள். தேத்தண்ணி ஆடை பிடிக்கும்வரை இப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு தாய் நான். என் பிள்ளையின் நல்ல பெயரை விற்று அவளை மீட்கப் பார்த்தேன்.

பிறகு என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அது விழுந்தது. நான் கண்டேன். மரத்தில் தூக்கியிருக்கிறேன்.

ஹெலன் கரண்டியை வைத்துவிட்டு, மரத்திலா என்று கேட்டார். மூன்று பேரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனோம். பை பனித்தொப்பி போட்டுக்கொண்டு தொங்கியது. ஹெலன் அதை இறக்கி, தரையில் விரித்து, முழுவதும் இருக்கிறதா என்று சரிபார்த்தார். மாட்டுக்குள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்றார். மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துத் திரும்பச் சொன்னார். ஆரணியின் தோளைத் தட்டி, தான் பேசியது பிழை என்றார். என்னைப் பார்த்து, அடுத்தமுறை மரத்துக்குச் சொல்லுமுன் எனக்குச் சொல் என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஹெலன் போனபிறகும் ஆரணி அந்தக் கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில் கேட்டாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, நீங்க இதை முதலே செய்திருக்கிறீங்க. எத்தினை தரம்?"

எண்ணவில்லை என்றேன். அந்தப் பனிக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடை இல்லை, ஆறு மாடு. பால் போத்தல். வாங்கு மாற்றிய பிள்ளை. பத்தொன்பது வயதில், கொழும்பில் மூன்று மாத வகுப்பு, முடிந்ததும் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனதும், பிறகு திரும்பிப் போகாததும். பால் கறக்க ஆளில்லாமல் அம்மா மாடுகளை ஒவ்வொன்றாக விற்றா. கடிதத்தில் அதை ஒரு குறையாக எழுதவே இல்லை. மாடு சுகம், நானும் சுகம் என்று எழுதினா. விற்றதை வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் திரும்பிப் போகாத இந்தக் கதையை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யோகனிடமும் இல்லை.

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பொய் சொன்னதற்கு மன்னிக்கவும் இல்லை. கன்றுகளுக்குப் பசிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

6

புறப்படுகிற காலை பனி கொட்டுவது நின்றிருந்தது. வீதிக்குக் கல்மணல் போட்டுத் திறந்துவிட்டார்கள். வாசலில் ஆரணியின் பை கட்டி வைத்திருந்தது. தலை முழுகி, ஒக்லண்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டிருந்தாள். அவள் சண்டை பிடிப்பாள் என்று நான் இரவெல்லாம் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன். பரீட்சை, பட்டம், வெடித்த கை, அப்பாவின் முதுகுவலி. சண்டை பிடிக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது சுலபம். அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

ஹெலன் வெளியே வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். உனக்கு என்னிடம் ஒன்றும் சொல்ல இல்லையா என்று கேட்டேன்.

"அம்மா வா எண்டா வருவன். சொன்னனான்தானே," என்றாள், இந்தத் தரம் கோபமில்லாமலே தமிழில். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு நிக்க விருப்பம். நிக்கட்டா?" என்று கேட்டாள்.

சின்ன வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போகட்டா என்று கேட்கிற அதே முகம். சட்டப்படி என்னிடம் கேட்கத் தேவையில்லை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் மனம் வா, வா என்றுதான் அடித்துக்கொண்டது. இப்போதும் அப்படித்தான் அடிக்கிறது. நான் செய்தது சரி என்று எழுதுவதற்காக இதை எழுதவில்லை. வாய் மட்டும் நில்லு என்றது.

விமான நிலையம்வரை வழியெல்லாம் அழுதேன். ஹெலன் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார், அவ்வளவுதான்.

ஒக்லண்டில் மழை. யோகன் வேலை உடுப்போடு வந்து நின்றார். எனக்குப் பின்னால் பார்த்தார். கதவு திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியாக விமானப் பணிப்பெண்களும் தங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும்வரை பார்த்தார். என் கையிலிருந்த பையை வாங்க மறந்துபோனார்.

"கூட்டிக்கொண்டு வருவீர் எண்டுதானே அனுப்பினனான்," என்றார்.

"ஓம். கூட்டிக்கொண்டு வரத்தான் போனனான்."

"பிறகு?"

"அவள் கேட்டுப்போட்டு நிக்கிறாள்," என்றேன். "நான் என்ரை அம்மாட்டைக் கேக்காமல் வந்தனான்."